கல்வெட்டு

புயலுக்கு மறுநாள் காலை
ஊராட்சி அலுவலகத்தின் தகரக் கூரை
ஏலத் தோட்டத்துக்குள் கிடந்தது.
முத்திரையும் மைப்பெட்டியும் எங்கே போயினவோ.
மூன்று நாள்
எங்கள் காகிதங்களில் ஈரம்தான் கையெழுத்து.

தலைவரின் பெயர் வெள்ளத்தாய்.
இம்முறை யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.
ரப்பர் செருப்போடு தெருத்தெருவாக நடந்து
சாய்ந்த கம்பங்களை எண்ணினார், பதினேழு.
குடிநீர்க் குழாய் நூற்றெழுபது மீட்டர்.
ரேஷன் கடையின் பின்சுவர்.
அங்கன்வாடி கூரை பறந்திருந்தது,
குழந்தைகளை எடைபோடும் தராசு மட்டும்
உத்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டு
காற்றை நிறுத்துக்கொண்டிருந்தது.
நான் செயலர். எல்லாம் எழுதினேன்.

பெரிய சேதம், நான்காம் எண் சிறுபாலம்.
பொறியாளர் அதைக் கல்வெர்ட் என்பார்.
எங்கள் ஊர் வாயில் என்றைக்கும் கல்வெட்டு.
ஒரு கரை தமிழ்நாடு, மறு கரை கேரளம்,
ஓடையோரம் ஓர் எல்லைக்கல்.
இருந்தது.

பாலம் போனதும் பால்வண்டி நின்றது.
எட்டு மாத வயிற்றோடு அன்னக்கொடி
அக்கரை ஆஸ்பத்திரியைப் பார்த்தபடி
இக்கரையில் உட்கார்ந்திருந்தாள்.
கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

மதிப்பீடு பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.
யார் கணக்கில் எவ்வளவு?
எல்லையைக் காட்டி எழுது என்றது ஒன்றிய அலுவலகம்.
அக்கரைப் பஞ்சாயத்து ஓவர்சியர்
லிஸ்ஸி குரியாக்கோஸ்
முழங்கால் சேற்றில் நின்று என்னைக் கேட்டார்:
"சாரே, கல்லு எவிடெ?"

தாலுகா வரைபடத்தில் ஓடை நேராக ஓடியது.
அதை யாராவது ஓடைக்குக் காட்டியிருக்கலாம்.
டேப்பின் ஒரு முனை அவர் கையில்,
மறுமுனை என் கையில்,
எங்கிருந்து அளப்பது என்று தெரியாமல்
நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டது.

பத்து நாள் கடிதம் போனது.
கடிதம் வந்தது.
பதினோராம் நாள் காலை
நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்
தூர்வார வந்தவர்கள்
சொல்லாமலே கல் சுமக்கத் தொடங்கினார்கள்.
நிழற்குடைக்கு வந்து மிஞ்சிய சிமெண்ட்
நாற்பது மூட்டை, அக்கரையிலிருந்து.
எந்தத் திட்டத்துக்கோ இறக்கி
ஆடுகள் படுத்துக்கிடந்த குழாய்கள் நான்கு, இக்கரையிலிருந்து.
உத்தரவு எண் என்ன என்று கேட்டேன்.
கேட்க வேண்டியது என் வேலை.
வெள்ளத்தாய் சட்டியை இறக்காமல் சொன்னார்,
"நம்பர் அப்புறம் போட்டுக்கலாம் தம்பி.
மழை திரும்புறதுக்குள்ள இது காயணும்."

காய்ந்தது.
அன்னக்கொடி அதற்கு முன்பே
ஈரப் பலகைமேல் ஜீப்பில் போய்
பெண் பெற்றிருந்தாள்.

பிறகு ஒரு வழியாக உத்தரவு வந்தது:
பாதிக்குப் பாதி.
அளவுப் புத்தகம் எழுத ஓடைக்குள் இறங்கினோம்.
நீளம், அகலம், ஆழம் சொல்லிக்கொண்டே வந்த
கொத்தனார் சேசுராசு
கீழ் மூலையில் நின்றார்.
"இங்க ஒரு கல்லு கிடைச்சுது சார். நல்ல கல்லு.
நாலு பக்கமும் செதுக்கி,
தலையில அம்புக்குறி, ஏதோ நம்பரு.
உளியே படல. வச்சதும் உக்காந்துருச்சு."

லிஸ்ஸி என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
தலைக்கு மேலே பால்வண்டி
இரண்டு மாநிலத்தையும் ஒரே குலுக்கலில் கடந்தது.

அடித்தளக் கல், சதுரம், ஒன்று.
தமிழில் ஒரு பிரதி, மலையாளத்தில் ஒரு பிரதி.
குறிப்பு என்ற கட்டத்தில்
இருவருமே கோடு இழுத்தோம்.

கம்பங்கள் இன்னும் ஆறு பாக்கி.